நாலரை அங்குலச் சுவரில் ஒரு கிற்றார்

பக்கத்து வீட்டு ஜெனிதா கிற்றார் செய்கிறாள் என்பது அவளுடைய கணவர் டிலக்ஷனுக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரியும். எங்கள் இரண்டு வீடும் முன்பு ஒரே வீடு. விற்றவர்கள் நடுவில் நாலரை அங்குலச் சுவர் ஒன்றைக் கட்டி, கடல்மணலால் பூசி, இரண்டாக்கி விற்றுவிட்டார்கள். அந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் இந்தப் பக்கம் எனக்குத் தும்மல் வரும். ஒட்டுக் கேட்கிறேன் என்று யாரும் சொல்லக்கூடாது. கேட்காமல் இருப்பதற்குத்தான் நான் பாடுபட வேண்டும்.

பின்னேரங்களில் மரம் தேய்க்கும் சத்தம் வந்தது. ஒரு வாரம் பொறுத்தேன். எட்டாம் நாள் சீனி கேட்கப் போனேன். என் வீட்டில் சீனி இருந்தது, அது வேறு கதை. ஜெனிதா குசினிக்குப் பின்னால் குந்தியிருந்து தன் சீதன அலுமாரியின் கதவைப் பலகை பலகையாக அரிந்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிற பிள்ளை. மாதா கோயில் பாடகர் குழுவின் உடைந்த கிற்றார்களைத் திருத்தித் திருத்திக் கை பழகி, இப்போது சொந்தமாக ஒன்று செய்யத் துணிந்துவிட்டாள். டிலக்ஷன் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்பவர். அலுமாரிக்குக் கதவில்லை என்பதை அதற்குப் பிறகு நான்காம் நாள்தான் அவர் கவனித்தாராம்.

இரண்டு வருடம் எடுத்தது. போன மாதம் கடைசிப் பூச்சு வார்னிஷும் காய்ந்தது. வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் பாடகர் குழு முழுவதும் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தது. அதற்கு முன் கிற்றாரை வீட்டு முன்மண்டபத்துச் சுவரில் கொளுவித் தொங்கவிட வேண்டும் என்பது ஜெனிதாவின் ஆசை.

"மூலையில சாத்தி வைச்சா, யாரோ விட்டுட்டுப் போன சாமான் மாதிரிக் கிடக்கும். சுவரில இருந்தாத்தான் செய்தது தெரியும்" என்று அவள் சொன்னது சுவர் தாண்டி எனக்கும் கேட்டது.

"பெரிய பெரிய கப்பலையே இழுத்துக் கொண்டுவந்து கட்டுறனான். ஒரு கிற்றாரைத் தூக்க ஏலாதே எனக்கு?" இது டிலக்ஷன்.

அவர் வாங்கி வந்த கொளுக்கி அழகானது. மரத்தில் இலை வடிவம், நடுவில் மெல்லிய கம்பிக் கவை. இரண்டு பிளாஸ்டிக் பிளக்கைச் சுவருக்குள் தட்டி, இரண்டு ஸ்குரூவால் முறுக்கிவிட்டார். ஜெனிதா கணக்கு ரீச்சர் அல்லவா, முதலில் கடையில் வாங்கிய பழைய கிற்றாரைத் தொங்கவிட்டுப் பார்ப்போம் என்றாள். தொங்கியது. இருவரும் சோறு தின்றார்கள். மூன்று மணிக்கு நான் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது தடாரென்று ஒரு சத்தம்.

வெறுங்கோப்பையோடு ஓடினேன். பழைய கிற்றார் நல்ல காலத்துக்குச் சோபாவில் விழுந்திருந்தது. கொளுக்கியும் பிளக்கும், கூடவே உள்ளங்கையளவு சுவர்ப்பூச்சும் கீழே கிடந்தன.

"இது அதாக இருந்தா?" என்றாள் ஜெனிதா. அது, அதாவது புதியது, அறைக்குள் கட்டிலில் தலையணை வைத்துப் படுத்திருந்தது. மூன்று நாளாக டிலக்ஷனுக்கு மண்டபத்துச் சோபாதான் படுக்கை.

"கழுத்தும் உடம்பும் சேருற மூட்டு நான் ஒட்டினது, அக்கா. விழுந்தா அதிலதான் வெடிக்கும். திரும்பச் செய்ய என்னட்ட அலுமாரியும் இல்லை, இன்னொரு ரெண்டு வருசமும் இல்லை."

அடுத்த நாள் ஸைனுலாப்தீன் காக்காவின் இரும்புச் சாமான் கடைக்குப் போனார்கள். வழிகாட்ட நானும் போனேன். கடை எங்கள் தெரு முனையில்தான் இருக்கிறது, இருந்தாலும்.

"காக்கா, கிற்றார் கொளுவ நல்ல பலமான கொளுக்கி ஒண்டு தாங்கோ" என்றார் டிலக்ஷன்.

"சுவர் என்ன சுவர், தம்பி?"

"பச்சை."

காக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். "நிறம் கேக்கல்ல. கல்லா, புளொக்கா?"

"அரைக் கல்லுச் சுவர், நாலரை அங்குலம், கடல்மணல் பூச்சு" என்றேன் நான். இந்தச் சுவரைப் பற்றி என்னைவிட யார் சொல்ல முடியும்?

காக்கா ஓர் இரும்புக் கொளுக்கியை எடுத்து வைத்தார். "இதில கிற்றாரின்ட தலையை வைச்சா, அந்தப் பாரத்தில இந்த ரெண்டு கையும் தன்பாட்டில மூடும். யாரும் இடிச்சாலும் வெளிய வராது. துருவும் பிடிக்காது, கடல் காத்துக்கு அதுதான் முக்கியம்."

ஜெனிதா கொளுக்கியின் கைகளில் சுற்றியிருந்த றப்பரை நகத்தால் அழுத்தினாள். "இந்த றப்பர் வார்னிஷைப் பிடிச்சுக் கறுப்பாக்கும், காக்கா."

"அதுக்கு மேல பருத்தித் துணி சுத்துங்க. ரீச்சருக்குத் தெரியாததா? கொளுக்கி இருபது கிலோ தாங்கும். சுவர் தாங்குமா எண்டதுதான் கேள்வி. பிளக் அடிச்சா உங்கட மணல் பிடிக்காது." பிறகு டிலக்ஷன் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்கட படகில கயிறு கட்டுற இரும்பை எப்படிப் பூட்டியிருக்கு?"

"ஊடால போல்ட் விட்டு, மற்றப் பக்கம் தகடு வைச்சு நட்டால இறுக்கினது."

"பிறகென்ன?" என்று காக்கா அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

மறுபக்கம் யார் வீடு என்று அவர் கேட்கவில்லை. டிலக்ஷனும் யோசிக்கவில்லை. நானும்தான் யோசிக்கவில்லை என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

சனிக்கிழமை காலை ட்ரில் மெசின் அலறியது. முதலில் என் கண்ணாடி அலுமாரியின் மேல் தூசு கொட்டியது. பிறகு சுவரிலிருந்து ஒரு இரும்பு மூக்கு வெளியே வந்து, சுற்றி, உள்ளே போனது. எட்டித் துவாரத்தில் கண்ணை வைத்தேன். அந்தப் பக்கம் டிலக்ஷனின் கண்.

"தம்பி," என்றேன், "படகில மற்றப் பக்கம் கடல். இஞ்ச மற்றப் பக்கம் நான்."

கண் மறைந்துவிட்டது. ஜெனிதா வாசலால் ஓடி வந்தாள், முகமெல்லாம் சிவந்து.

"ஐயோ பஸ்மியா அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இப்பவே சீமெந்து குழைச்சு அடைச்சுவிடுறம். கிற்றார் கட்டிலிலயே கிடக்கட்டும். கோயில் ஆக்கள் வந்தா அங்க வைச்சே காட்டுறன்."

ஒரு மாதத்துக்குத் தெரு முழுவதும் சொல்லிச் சிரிக்கக்கூடிய கதை என் கைக்கு வந்திருந்தது. ஆனால் அவள் கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் இன்னும் போகாத பசைக் கறை. "முதல்ல அதைக் கொண்டு வா, புள்ள. வடிவாப் பாப்பம்" என்றேன்.

இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். முதுகுப் பலகை நல்ல செந்தவிட்டு நிறம். அலுமாரிச் சாவித்துவாரம் இருந்த இடத்தில் சிரட்டையை வட்டமாக வெட்டிப் பதித்திருந்தாள். தடவிப் பார்த்தேன், விரலுக்கு ஒரு விளிம்பும் தட்டவில்லை. கடையில் வாங்கியதற்கு இப்படி ஒரு பொட்டு இருக்குமா? நரம்புகளை ஒரு தரம் வருடினாள். சுவர் வழியாக இவ்வளவு நாளும் கேட்ட சத்தம் அதன் பாதிதான் என்று அப்போது விளங்கியது.

"கட்டிலில கிடத்துறதுக்கு இதென்ன காய்ச்சல்காரனா?" என்றேன். "மற்றத் துவாரத்தையும் போடச் சொல்லு. ஆனா என்ட பக்கத்துத் தகடு பளபளப்பா இருக்கோணும். ஆக்கள் வந்துபோற இடம்."

டிலக்ஷன் படகு திருத்தும் இடத்திலிருந்து துருப்பிடிக்காத தகடு ஒன்றைக் கொண்டுவந்து, கண்ணாடி மாதிரி மினுக்கினார். என் அலுமாரியை அவரே நகர்த்தினார், ஒரு கோப்பைகூட ஆடவில்லை. போல்ட் இரண்டும் ஊடே வந்தன. என் பக்கம் நட்டுகள் இறுகின. அந்தப் பக்கம் கொளுக்கியில் பத்துக் கிலோ அரிசிப் பையை மாலை முழுவதும் தொங்கவிட்டார்கள். கிற்றார் இரண்டு கிலோ இருந்தால் அதிகம். மறுநாள் விடியற்காலை நான் சுபஹுத் தொழுகைக்கு எழும்பியபோது முதலில் தடவியது அந்தத் தகட்டைத்தான்.

ஞாயிறு காலை, பூசைக்குப் புறப்படுமுன் ஜெனிதா சுவருக்கு அப்பாலிருந்து கூப்பிட்டாள். "அக்கா, வைக்கப் போறன். நட்டில கை வைச்சிருக்கிறீங்களா?"

"வைச்சிருக்கிறன்."

கொளுக்கியின் கைகள் மூடும் சின்னச் சத்தம் வந்தது. பிறகு ஒன்றுமில்லை.

"விட்டுட்டியா?"

"இல்லை. கீழ கை பிடிச்சிருக்கிறன்."

"விடு புள்ள."

"அசையுதா?"

"நீ விட்டாத்தானே சொல்லலாம்!"

டிலக்ஷன் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்டது. நட்டில் விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரும்பு குளிர்ந்திருந்தது.

"விட்டுட்டன்" என்றாள்.

ஒரு நூல் அளவும் அசையவில்லை. சொன்னேன். பிறகு அவள் ஒரு நரம்பை மெதுவாகத் தட்டினாள், என் விரல் நுனியில் அது அதிர்ந்தது.

பாடகர் குழுவில் பதினொரு பேர் வந்தார்கள். எல்லோரும் சுவரைப் பார்த்தபடி நின்றார்கள். ஒருவர் கேட்டார், "எங்க வாங்கினது, ரீச்சர்?"

"வாங்கேல்ல" என்றாள் ஜெனிதா. "நான் செய்தனான்."

குரல் சிறியது. பின்னால் நின்றவர்களுக்குக் கேட்டிருக்காது. வாசலில் நின்ற நான் அதை எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொரு தரம் சொல்லிவிட்டு, தகட்டைப் பார்க்க விரும்புகிறவர்கள் என் வீட்டுக்கு வரலாம் என்றும் சொன்னேன். ஏழு பேர் வந்தார்கள்.