வெறுங்குலைக் குவியல்

ஐப்பசி மழையில் ஜெபதுரை காணாமல் போனான். எண்ணெய் ஆலைக்குப் பின்னால் கிடந்த வெறுங்குலைக் குவியல் அப்போதும் புகைந்துகொண்டுதான் இருந்தது.

கூமாப்பட்டிப் பக்கம் சில தோட்டங்களில் எண்ணெய்ப்பனை வைத்து, அது காய்ப்புக்கு வந்திருந்த காலம். கிருஷ்ணன்கோவில் சாலையில் இருந்த அந்த ஆலையில் குலைகளை ஆவியில் அவித்து, பழத்தை உதிர்த்து, எண்ணெய் பிழிவார்கள். பழம் உதிர்ந்த வெறுங்குலையும் சக்கைநாரும் பின்பக்கம் போய்ச் சேரும். இரண்டு வருஷத்தில் குவியல் ஆலைக் கூரையை எட்டிவிட்டது. ஈரமும் புழுக்கமும் சேர்ந்து உள்ளே தானாகத் தணல் பற்றிக்கொண்டது. மேலே பார்த்தால் நனைந்து கிடக்கும். உள்ளே வெந்து வெறுங்கூடாகிக்கொண்டிருக்கும்; கால் வைத்தால் உள்வாங்கும். எங்கே புகை கிளம்புகிறதோ அங்கே ஏறி, கடப்பாரையால் குத்தித் தண்ணீர் விடுவது ஜெபதுரையின் வேலை.

அன்று சாயங்காலம் ஷிப்டு முடிந்து எல்லாரும் வந்தார்கள். அவன் வரவில்லை.

கேரளாவுக்குப் போயிருப்பான் என்றார்கள். புனலூரில் ரப்பர் தோட்டத்தில் அவனுடைய சித்தப்பா மகன் இருந்தான். அங்கே போகப்போகிறேன் என்று ஜெபதுரை பாதி ஊரிடம் சொல்லி வைத்திருந்தான். போலீஸ்காரர் அவன் மனைவி இன்பத்திடம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"சண்டை போட்டியாம்மா?"

புருஷன் பெண்டாட்டி சண்டை போடாமல் இருப்பார்களா? இன்பம் தலையை ஆட்டினாள். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

குவியலைத் தோண்டிப் பாருங்கள் என்று மேஸ்திரி மாரிச்சாமியிடம் போய் நின்றாள்.

"தீ அணையாம எவன் தாயி தோண்டுவான்? விழுந்திருந்தா ஒரு சத்தமாவது கேட்டிருக்காதா?"

"குலை உதுக்குற மிஷின் ஓடையில ஒமக்கு என்ன அண்ணாச்சி கேக்கும்?"

அவர் கையை விரித்தார்.

அவன் இங்கே வரவேயில்லை என்று புனலூரிலிருந்து தகவல் வந்தது. மாமியார் ஞானபாக்கியம் அதை நம்பவில்லை. "சொல்லாதேன்னு சொல்லி வச்சிருப்பான்" என்றாள். கோயிலில் கேட்டவர்களிடம், மகன் கிறிஸ்மசுக்கு வருவான் என்றாள். கிறிஸ்மஸ் கழிந்ததும் ஈஸ்டருக்கு வருவான் என்றாள்.

எதை வேண்டிக்கொள்வது என்று இன்பத்துக்குத் தெரியவில்லை. கேரளாவில் இருந்தால் அவன் உயிரோடு இருக்கிறான், ஆனால் அவளை விட்டுப் போய்விட்டான். குவியலுக்குள் இருந்தால் விட்டுப் போகவில்லை. காற்று திரும்பினால் குவியலின் புகை தெருவுக்குள் வந்தது. காயப்போட்ட துணியில் படிந்தது, மூடாமல் வைத்த சோற்றில் படிந்தது. அந்தப் புகையில் மூச்சை இழுக்குமுன் ஒரு நொடி யோசிப்பாள். பிறகு வேண்டுமென்றே ஆழமாக இழுப்பாள்.

தை மாதம் குவியலின் புகை அடங்கியதும் முதலாளி கோயம்புத்தூரிலிருந்து ஒரு மிஷின் இறக்கினார். சக்கையைக் காயவைத்து அதில் கொடுத்தால், குழாய்போலத் திரண்டு கட்டி கட்டியாக வெளியே விழும். விறகுக்குப் பதிலாக அதை எரிக்கலாம். ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணி வெளுக்கிற பட்டறைகளின் பாய்லருக்கு எத்தனை லோடு வந்தாலும் வேண்டியிருந்தது. குவியலே காலியாகிவிடும் என்று பேச்சு அடிபட்டதும் இன்பம் வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்த தீப்பெட்டி வேலையை விட்டுவிட்டு ஆலைக்குப் போனாள். சல்லடை வேலைதான் வேண்டும் என்று கேட்டாள்.

ஒரு கல்லோ ஆணியோ உள்ளே போனால் மிஷினின் அச்சு உடைந்துவிடும். அதனால் எந்தக் கூடையானாலும் சலித்துத்தான் கொடுக்க வேண்டும். அவள் ஏன் அந்த இடத்தைக் கேட்டாள் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பக்கத்துச் சல்லடை இருளம்மாளுடையது. இன்பம் தண்ணீர் குடிக்க எழுந்தால், "ஏட்டி, போயிட்டு வா, நான் பாத்துக்கிடுதேன்" என்பாள். எதைப் பார்த்துக்கொள்வாள் என்று இன்பம் கேட்டதில்லை.

மிஷின் நாள் முழுக்கக் குத்திக்கொண்டே இருந்தது. கட்டிகள் வந்து விழுந்தன. இன்பம் ஒவ்வொன்றையும் லாரி ஏறும்வரை பார்த்தாள்.

பங்குனியில் குவியலின் நடுவுக்கு வந்தார்கள். அங்கே நாரும் இல்லை, குலையும் இல்லை. கறுத்த கரியும் சாம்பலும், உள்ளே இடிந்து விழுந்த கூடும்தான் இருந்தன. மேஸ்திரி ஒரு பிடி எடுத்து நசுக்கிப் பார்த்தார்.

"இது கட்டியாவாது. நாளைக்கு டிப்பர் வருது, செண்பகத்தோப்பு ரோட்டுப் பள்ளத்துல கொட்டிரலாம்."

இன்பம் சல்லடையைக் கீழே வைத்தாள். இத்தனை நாளும் அவள் சலித்தது தீ தொடாத சக்கை. அவன் இருந்தால் இந்தக் கரிக்குள்தான் இருப்பான். அது மட்டும் சலிக்காமல் போகப்போகிறது.

மறுநாள் டிப்பர் வந்தபோது அவள் சல்லடையோடு கரியின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி எந்திரி. கரியைச் சலிச்சு என்ன பண்ணப்போற?"

"சலிச்சுட்டு எந்திரிக்கேன் அண்ணாச்சி."

"முதலாளி வந்தா நான் என்னத்தைச் சொல்ல? டிரைவர் நிக்கான் பாரு."

இருளம்மாள் தன் சல்லடையை எடுத்துக்கொண்டு வந்து இன்பத்தின் எதிரே உட்கார்ந்தாள். "நிக்கட்டும். அவனுக்கு என்ன, பொண்ணு பாக்கப் போற நேரமா?" என்றாள். மிஷின் பக்கம் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். சலித்துக் கொடுக்க ஆளில்லாமல் மிஷின் வெறுமனே குத்திக்கொண்டிருந்தது. மேஸ்திரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, போய் சுவிட்சை அணைத்தார்.

அந்த அமைதியில் சல்லடைகள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. கரி எல்லாருடைய முகத்திலும் ஏறியது. டிப்பர் டிரைவர் பீடியைப் பற்றவைத்தவன், என்ன நினைத்தானோ, குடிக்காமல் கீழே போட்டு மிதித்தான்.

இருளம்மாளின் கை நின்றது.

"இன்பம்" என்றாள். எப்போதும் முன்னால் சேர்க்கிற ஏட்டியை இப்போது சேர்க்கவில்லை.

அவளுடைய சல்லடையில் கீழ்த்தாடை ஒன்று கிடந்தது. பல் இருந்தது.

இன்பம் அழவில்லை. முந்தானையை விரித்து அதை வாங்கிக்கொண்டாள். "மிச்சத்தையும் பாருங்க" என்றாள். பெண்கள் சாயங்காலம்வரை பார்த்தார்கள். கிடைத்ததெல்லாம் அரிசி புடைக்கிற ஒரு சொளகுக்குள் அடங்கிவிட்டது. போலீஸ் வந்தது. பெரியாஸ்பத்திரி டாக்டர் பார்த்து, வளர்ந்த ஆணின் எலும்பு என்று எழுதிக் கொடுத்தார். அந்த ஆலையில் வேறு யாரும் காணாமல் போகவில்லை.

எலும்பை வைத்த பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது ஞானபாக்கியம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"ஏதோ நாய் எலும்பு. எம்மவன் புனலூர்ல இருக்கான்."

"அத்தை, ஒரு தடவை பாத்துக்கிடுங்க."

"நீ பாத்தேல்லா. போ."

கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிற மலைச்சாமி பெட்டியைப் பார்த்தார். பச்சைப் பிள்ளைக்குச் செய்கிற அளவுப் பெட்டி. அதற்கேற்ற மாதிரி சின்னதாகக் குழி வெட்டிவிட்டு மேலே ஏறினார். உபதேசியார் ஞானரத்தினம் ஜெபப் புத்தகத்தைத் திறந்தார். வந்திருந்த சல்லடைக்காரப் பெண்கள் தள்ளி நின்றார்கள். வெகுநேரம் குளித்திருந்தும் அவர்களுடைய நகக்கண்ணில் கரி போகவில்லை.

யாரோ விலகி வழிவிட்டார்கள். ஞானபாக்கியம் வந்திருந்தாள். யாரையும் பார்க்கவில்லை. குழிக்கு அருகே வந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"மலைச்சாமி" என்றாள். "அவன் ஒசரம். நீளமா வெட்டு."

மலைச்சாமி இன்பத்தைப் பார்த்தார். இன்பம் தலையசைத்தாள். அவர் மறுபடியும் இறங்கினார். உபதேசியார் விரலை வைத்தபடி புத்தகத்தை மூடிக்கொண்டு காத்திருந்தார். வெயில் ஏறியது. ஆள் நீளத்துக்குக் குழி ஆனதும் மலைச்சாமி கீழேயிருந்தே கையை நீட்டிப் பெட்டியை வாங்கினார். வாங்கிக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"தலைமாட்டுல வைங்க" என்றாள் இன்பம்.

மாமியார் இன்பத்தின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் குழியை மண் தள்ளி நிரப்ப வெகுநேரம் ஆனது.