கன்னியப்பன் மாட்டிவிட்ட பட்டை

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு முழம் பூ வாங்கித் தராதவன் கன்னியப்பன். அவன்தான் சித்திரை பிறந்ததிலிருந்து தினமும் காலையில் ஜெயாவின் கையைப் பிடித்து, நாடி பார்க்கும் பட்டையை மாட்டிவிட்டான். இருவரும் வேலை பார்க்கும் உப்பளத்தின் கொட்டகையில் சார்ஜ் ஏறிக் கிடக்கும் பட்டைகளில் தன்னுடையதையும் அவளுடையதையும் தேடி எடுத்து வருவான். அவள் மணிக்கட்டைத் திருப்பி, ஊசியை ஓட்டையில் செருகி, சரியாக இருக்கிறதா என்று இழுத்தும் பார்ப்பான். உப்பளத்துப் பெண்களின் வாய்க்கு வேறு தீனி வேண்டுமா?

"தாலி கட்டும்போதுகூட உன் வூட்டுக்காரன் கை இவ்ளோ பதமா இல்லடி," என்றாள் விஜயலட்சுமி. "அன்னைக்கு அவன் இழுத்த இழுப்புல கழுத்தே அறுந்துடும்னு பயந்தேன்."

"உனக்கு இன்னா, உன் புருஷன மாட்டிவுடச் சொல்லேன்."

"அவன் எனக்கு வெலங்குதான் மாட்டுவான்."

ஜெயா சிரிக்கவில்லை. வீட்டில் அவளுக்கும் அவனுக்கும் "சோறு வை", "வச்சிருக்கு" என்பதைத் தாண்டிப் பேச்சு கிடையாது. மீறிப் பேசினால் அது சண்டையாகத்தான் முடியும். ஆனாலும் காலையில் அவன் வரும்போது அவள் கை தானாக நீண்டது. அதை நினைத்து அவளுக்கே தன்மேல் எரிச்சலாக இருந்தது.

பட்டைகளைக் கொண்டுவந்தது அளத்தைக் குத்தகை எடுத்தவர். கறுப்பு ரப்பரில் சின்னக் கண்ணாடி முகம். நாடி எல்லை மீறித் துடித்தால் அது கையில் அதிரும். உடனே நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டும். மேற்பார்வை பார்க்கும் இலக்கியாவின் போனிலும் அந்தப் பட்டைக்கு உரியவர் பெயர் சிவப்பாகும். போன வருஷம் கத்திரி வெயிலில் விஜயலட்சுமி சுருண்டு விழுவதற்கு முன்பே அது அதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று மரக்காணம் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதனால் பட்டையை முழுதாகத் திட்டவும் முடியவில்லை.

திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. கை வீசி நடந்தால்தான் அதன் கணக்கில் வேலை. தலையில் உப்புக் கூடையை ஏற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தால் கை அசையாது. போனில் 'சும்மா இருக்கிறார்' என்று வரும். இளைப்பதற்காகத் தானும் ஒரு வாட்ச் கட்டிக்கொண்டு வரப்பில் கை வீசி நடக்கும் இலக்கியாவைத்தான் அது பாராட்டும்.

அதைவிடக் கொடுமை சடையப்பனுக்கு நடந்தது. அவன் பெயர் அடிக்கடி சிவப்பானது. "நல்லா ரெஸ்ட் எடுப்பா," என்று மேனேஜர் தேவநாதன் தோளில் தட்டி அனுப்பினார். மறுநாளே அவன் பாத்தியில் வேறு ஆள் நின்றான். அதற்கப்புறம் பட்டை அதிர்ந்தால் எல்லோருக்கும் முதலில் வேலை போகும் பயம்தான் வந்தது.

அன்று மத்தியானம் தேவநாதன் ஜெயாவைக் கொட்டகைக்குக் கூப்பிட்டார். பக்கத்தில் இலக்கியா போனோடு நின்றாள்.

"ஏம்மா ஜெயா, உனக்கு நெஞ்சு சரியில்லன்னு தெரியுமா?"

"எனக்கா? நல்லாத்தான் இருக்கேன்."

"நேத்து சாப்பாட்டுக்கு முன்னாடி சிவப்பு. முந்தாநாளும் சிவப்பு. பட்டை அதிருது, நீ உக்காரவே மாட்டேன்ற. செத்துகித்து வச்சா யாரும்மா பதில் சொல்றது?"

"அதிரவே இல்லைங்க."

"அதிராம இங்க எப்படிக்கா காட்டும்?" என்றாள் இலக்கியா.

"பட்டைய அவுத்து வச்சிட்டுப் போம்மா. நல்லா ரெஸ்ட் எடு."

சடையப்பனுக்குச் சொன்ன அதே சொற்கள்.  அந்த வீட்டில் ஜெயாவுடையது என்று இருந்தது இந்த வேலை ஒன்றுதான். கன்னியப்பனிடம் கை நீட்டாமல் ஒரு சோப்பு வாங்க முடிகிறதென்றால் அது இந்தக் கூடையால்தான்.

பட்டையைக் கழற்றினாள். எல்லாப் பட்டையும் ஒரே மாதிரி இருப்பதால் ஆளுக்கொரு துணிக்கிழிசலை அடையாளமாகக் கட்டியிருந்தார்கள். இதில் அவள் கட்டிய பச்சைப் புடவைத் துண்டுதான் இருந்தது. ஆனால் அவள் மாட்டும் ஓட்டையைத் தாண்டி, கடைசி ஓட்டையில் ரப்பர் விரிந்து வெடித்திருந்தது. ஒரு பருத்த மணிக்கட்டு வெகுநாள் மாட்டிய தடம்.

நேற்று சாப்பாட்டுக்கு முன்னால் கன்னியப்பன் பாத்தியோரம் குனிந்து உப்புத் தண்ணீரில் முழங்கைவரை கையை அமுக்கிக்கொண்டு நின்றது அவள் கண்ணுக்குள் வந்தது. கழுவுகிறான் என்று அப்போது நினைத்தாள். அதிர்வது வெளியே கேட்காமல் அமுக்கியிருக்கிறான்.

துணியை மாற்றிக் கட்டியிருக்கிறான். அவனுடைய பட்டை இத்தனை நாளும் அவள் கையில், அவளுடையது அவன் கையில். அவன் நெஞ்சு படபடத்தால் போனில் அவள் பெயர்தான் சிவப்பாகும். அதற்காகத்தான் இந்தப் பதமான கை.

பட்டையை மேஜைமேல் போட்டாள். தேவநாதன் அதை டிராயருக்குள் தள்ளினார்.

"இலக்கியா, போனோட என்கூட வா," என்றாள். சொன்ன விதத்தில் இலக்கியா கேள்வி கேட்காமல் நடந்தாள். தேவநாதனும் பின்னால் வந்தார்.

கன்னியப்பன் பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்தான். முகம் கறுத்து வேர்த்திருந்தது.

"யோவ், என் பட்டைய அவுறு."

"இன்னாடி உளர்ற?"

"அவுறு."

அவன் குரலைத் தாழ்த்தினான். "கத்தாத. நீ வூட்ல கெட. ஒருத்தர் வேலைக்குப் போனா போதும். என்னை அனுப்பிட்டா எவன்டி எனக்கு வேலை குடுப்பான்?"

"எனக்கு எவன் குடுப்பான்?"

"பொம்பளைக்கு இன்னா, எதையாவது செஞ்சி பொழச்சிப்ப."

அவள் அவன் கையைப் பற்றி மேலே தூக்கினாள். அவன் உதறினான். அவள் விடவில்லை. விரல்களுக்குக் கீழே பட்டை அதிரத் தொடங்கியது, பொறியில் மாட்டிய எலிபோல.

"யாருக்கு சிவப்புன்னு படி, இலக்கியா."

இலக்கியா போனைப் பார்த்தாள். "உங்களுக்குத்தான்கா. ஜெயான்னு..." நிமிர்ந்து பார்த்தாள். ஜெயாவின் இரண்டு மணிக்கட்டும் வெறுமையாக இருந்தன.

"புருஷனும் பொண்டாட்டியும் சேந்து ஏமாத்துறீங்களா?" என்றார் தேவநாதன்.

"ஏமாத்துனது அவரு. நான் கைய நீட்டிக் குடுத்த கழுத."

கன்னியப்பன் அடிக்கக் கை ஓங்கினான். ஓங்கிய கை பாதியில் நின்று நெஞ்சுக்குப் போனது.

"உக்காரு," என்றாள் ஜெயா. அதில் இரக்கம் இல்லை. "அடிக்கணும்னாலும் உசுரு வேணும்."

அவன் வரப்பில் சரிந்து உட்கார்ந்தான். தேவநாதன் ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லப் போனார். ஜெயா தண்ணீர்ப் பாட்டிலை அவன் பக்கத்தில் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை.

"என் பொழப்பக் கெடுத்துட்டியே," என்றான் அவன்.

"என் பொழப்பக் குடுத்துட்டு அப்பறம் பேசு."

அவன் கையிலிருந்து பட்டையை அவளே கழற்றினாள். அவன் உடம்புச் சூடும் ஈரமும் ரப்பரில் இருந்தன. பாவாடையில் துடைத்து, தன் அளவு ஓட்டையில் தானே மாட்டிக்கொண்டாள். ஒரு கையால் ஊசியைச் செருகக் கொஞ்சம் நேரம் பிடித்தது. உதவ வந்த விஜயலட்சுமியைப் பார்வையாலேயே நிறுத்தினாள். விஜயலட்சுமி குனிந்து கூடையை மட்டும் தூக்கிவிட்டாள்.

இரண்டு கையாலும் கூடையைப் பிடித்தபடி ஜெயா வரப்பில் நடந்தாள். வண்டி வரும் சத்தம் கேட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் இலக்கியாவின் போனில் அவள் பெயரில் சிவப்பு மறைந்து, 'சும்மா இருக்கிறார்' என்று வந்தது.