அறிக்கையில் இல்லாத நான்கு முயல்கள்

காலையில் லேப் திறந்ததும் பெரியநாயகிக்கு முதல் வேலை கத்தி தீட்டுவது. மெழுகுக் கட்டிக்குள் பதித்த சதையையும் எலும்பையும் காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைக்க வேண்டும். சேலத்தில் அந்த வேலையை அவளைப்போலச் சுத்தமாகச் செய்கிறவர்கள் இரண்டு மூன்று பேர்தான் என்று லேப்பின் சொந்தக்காரர் டாக்டர் மயில்சாமியே சொல்வார். அவர் கண்ணில் புரை விழுந்த பிறகு, முதலில் அவள் பார்த்துச் சொல்வாள். அவர் ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்.

1985 கோடையில் அவருடைய மைத்துனர், பல் டாக்டர் வெள்ளியங்கிரி, ஆறு முயல்களின் தாடை எலும்பைப் பாட்டில்களில் கொண்டுவந்து வைத்தார். விழுந்த பல்லுக்குப் பதிலாக எலும்பிலேயே ஓர் உலோக ஆணியை இறக்கி, அதன்மேல் பல் கட்டுகிற வைத்தியம் அப்போதுதான் நம் பக்கம் தலைகாட்டியிருந்தது. எலும்பு ஆணியைப் பற்றிக்கொள்வதற்காக அதன்மேல் ஒரு பீங்கான் பூச்சு. ஏதோ ஒரு பட்டறையில் சொல்லிச் செய்த பூச்சு. அது உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று முயலுக்கு வைத்துப் பார்த்திருந்தார். ஆணியை எடுத்துவிட்டு எலும்பை மட்டும் கொண்டுவந்திருந்தார்.

எலும்பை அமிலத்தில் ஊறவைத்து இளக்கி, மெழுகில் பதித்து, பெரியநாயகி சீவத் தொடங்கினாள். மூன்றாவது முயலில் கத்தி கரகரவென்று உராய்ந்தது. புதிதாகத் தீட்டிய விளிம்பு சிதைந்திருந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பூச்சிலிருந்து உதிர்ந்த பொடி எலும்புக்குள் மணலாகக் கிடந்தது. சுற்றிலும் சீழ். எலும்பு அரித்துப் போயிருந்தது. ஆறில் நான்கு அப்படி. இரண்டு மட்டும் சுத்தம்.

"மாமா, அடுத்த மாசம் மெட்ராஸ் மாநாட்டுல பேசோணும்," என்றார் வெள்ளியங்கிரி. "ரெண்டு மொசலுக்கு நல்லாப் புடிச்சிருக்குதல்லங்க? அத மட்டும் எழுதிக் குடுங்க. மத்த நாலும் என்ற கைப்பிசகு. பூச்சு மேல குத்தமில்லீங்க."

"இன்னும் ஆறு மொசலுக்கு வெச்சுப் பாத்தாத் தெரிஞ்சிருமுங்களே டாக்டர்," என்றாள் பெரியநாயகி.

வெள்ளியங்கிரி அவள் பக்கம் திரும்பவே இல்லை. மயில்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெண்டாட்டியின் தம்பி, மறுத்துவிட்டு வீட்டில் பேச்சு வாங்க முடியாது.

"ரெண்டு நல்லா இருக்குதுன்னு எழுதறது பொய்யில்லையே அம்மிணி. டைப் அடி," என்றார்.

அடித்தாள். மற்ற நான்கு முயல்களின் கண்ணாடிகளை மரப்பெட்டியில் அடுக்கிப் பூட்டினாள். அன்று சாயங்காலம் இளம்பிள்ளை பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, 'கையெழுத்து அவருடையதுதானே, எனக்கென்ன வந்தது' என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு அவளை எட்டு மாதம் நன்றாகத் தூங்க வைத்தது.

தை மாதம் இன்னொரு பாட்டில் வந்தது. 'சின்னுசாமி, 27, போர்வெல் ரிக் வண்டி டிரைவர், கீழ்த்தாடை' என்று சீட்டு ஒட்டியிருந்தது. அறுத்தெடுத்த சர்ஜன், புற்றுநோயா என்று கேட்டிருந்தார். சீவும்போது கத்தி கரகரத்தது. பெரியநாயகி கத்தியின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தாள், சிதைந்திருந்தது. மைக்ராஸ்கோப்பில் கண் வைப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மயில்சாமியும் பார்த்தார்.

"புத்து இல்லைன்னு எழுது. வாய் சுத்தமில்லாம வந்த சீழுன்னு போடு. ரிக் வண்டிக்காரன், எப்பிடியும் பாக்கு பொகையில போடறவனாத்தான் இருப்பான்."

அவள் டைப்ரைட்டர் பக்கம் போகவில்லை. வெளியே வந்தாள். பெஞ்சில் முகத்தின் கீழ்ப்பாதி முழுவதும் கட்டோடு சின்னுசாமி ரிப்போர்ட்டுக்காக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருந்த அவன் மனைவி ராசாத்தி எழுந்து ஓடிவந்தாள்.

"ஏனுங்கக்கா, புத்துங்களா?"

"இல்லீங்க."

ராசாத்தி கையெடுத்துக் கும்பிட்டு அழுதாள். "ரிக்குக் கொழாய் அடிச்சு முன்பல்லு ரெண்டு போச்சுங்க. வெள்ளியங்கிரி டாக்டருதான், சொந்தப் பல்லாட்டவே இருக்கும்னு வெச்சு உட்டாருங்க. நாலு மாசத்துல மூஞ்சி வீங்கிருச்சு. போயிக் கேட்டா, நீ வாயே கழுவறதில்லீன்னு வஞ்சு அனுப்பிட்டாருங்க. இவரும் வேப்பங்குச்சியில தேச்சுத் தேச்சு ரத்தம் வர வெச்சுக்குவாருங்க."

"இவரு மேல ஒரு தப்புமில்லீங்க," என்றாள் பெரியநாயகி. "அந்த ஆணியோட பூச்சு ஒடம்புக்கு ஆகாதது. மொசலுக்கு வெச்சுப் பாத்தப்பவே நாலு மொசலுக்கு எலும்பு அரிச்சுப் போயிருந்துச்சு."

"அது ஆருக்குங்க தெரியும்?"

"எனக்குத் தெரியுமுங்க."

கும்பிட்டிருந்த கைகள் இறங்கின. "அக்கா, அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதுங்களா?" என்றாள் ராசாத்தி. கட்டுக்குள்ளிருந்து சின்னுசாமி குழறினான்.

"மொத்தம் எத்தன மொசலுங்க?"

"ஆறு."

"அப்ப ஏழாவது நானுங்களா?"

பெரியநாயகி உள்ளே போய் உட்கார்ந்து ஆறு முயல்களைப் பற்றியும் எழுதினாள். நான்கில் கண்டதை எழுதினாள். அதே பொடி இந்த மனிதனின் தாடையிலும் கிடக்கிறது என்று எழுதி, அடியில் தன் பெயரைப் போட்டு, கொண்டுபோய் ராசாத்தி கையில் கொடுத்தாள். ராசாத்தி அதை வாங்கிக்கொண்டாள், நன்றி சொல்லவில்லை. புருஷனைக் கைத்தாங்கலாகப் பிடித்தபடி படியிறங்கிப் போனாள்.

"உன்ற கையெழுத்துச் செல்லாது அம்மிணி," என்றார் பின்னால் வந்து நின்ற மயில்சாமி. "நாளையிலருந்து நீ வர வேண்டாம்."

"செல்லாதுன்னு தெரியுமுங்க. எங்க கூப்புட்டாலும் வந்து வாயால சொல்றேன்," என்றாள் பெரியநாயகி. "ஆறு உசுரக் கொன்னு பாத்ததே மனுசனுக்குக் கெடுதல் வரக்கூடாதுன்னுதானுங்க. கண்ட கெடுதல மறைச்சுப்போட்டு நல்லத மட்டும் எழுதுனா, அது பொய்யைவிடக் கேடுங்க டாக்டர். பொய்யின்னாலாவது ஒருத்தன் சந்தேகப்படுவான். பாதி உண்மைய எல்லாரும் நம்பி வாயத் தொறந்து காட்டுவாங்க. மறைக்கச் சொன்னது நீங்க, மறைச்சது நானு. ரெண்டு பேருமே அந்தாளு தாடையத் தின்னவங்கதான். உங்க மச்சானுக்குப் போன் போடுங்க. இன்னும் எத்தன பேரு வாயில அந்த ஆணி இருக்குதுன்னு கேளுங்க."