பாய்லரைப் போடுங்க அண்ணே

அதிகாரி வருகிறார் என்றதும் எங்கள் சலவைக்கூடம் கல்யாண வீடாகிவிட்டது. முதலாளி இல்லாத தலைமுடியைப் படிய வாரிக்கொண்டார். பாய்லர் அண்ணன் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். பத்து வருடத்தில் அவரைச் சட்டையோடு பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அதிகாரி வருவது என்னைப் பார்க்க. மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்கு மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்றார் டாக்டர். வாயில் நுழையாத பேர். ரப்பர் உரிந்த வயர் மாதிரி நரம்பின் மேலுறை உரிந்துபோகுமாம். உடம்பில் சூடு ஏறினால் என் இடது கால் சொன்ன பேச்சைக் கேட்காது. நானோ நாள் முழுக்க நீராவிக்கு நடுவில் நின்று ஆஸ்பத்திரி விரிப்புகளை இஸ்திரி போடுகிறவள். தேடிப் பிடித்தாலும் இப்படி ஒரு பொருத்தம் அமையாது.

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. கால் இழுத்தால், "ஒண்ணுமில்ல, தூக்கக் கலக்கம்" என்பேன். தூக்கக் கலக்கத்திலேயே மூன்று வருடம் ஓட்டினேன். போன மாதம் இஸ்திரிப் பெட்டியோடு சாய்ந்து முழங்கை வெந்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. முதலாளி நல்ல மனுஷர். பயந்துபோய், "வீட்ல இருந்துக்கோம்மா" என்றார். வீட்டில் இருந்து என்ன செய்வது, சுவருக்கு இஸ்திரி போடுவதா?

ஆஸ்பத்திரி நர்ஸ்தான் வழி சொன்னாள். என்னைப் போன்றவர்கள் வேலையை விடாமல் இருக்க அரசாங்கத்தில் ஒரு திட்டம் இருக்கிறதாம். ஆள் வந்து வேலை செய்கிற இடத்தைப் பார்த்துவிட்டு, தேவையான வசதியைச் செய்து கொடுப்பார்களாம். எழுதிப் போட்டேன்.

"அது கிடைச்சா இரு. கிடைக்கலன்னா மாசக் கடைசியோட நின்னுக்கோ. இன்னொரு தடவை நீ விழுறதை என்னால பார்க்க முடியாது" என்றார் முதலாளி.

அன்று காலை உள்ளே நுழைந்தால் கூடம் குளுகுளுவென்று இருந்தது. பாய்லர் அணைந்து கிடந்தது. ஜன்னல்கள் எல்லாம் ஆவென்று திறந்திருந்தன.

"ஆபீசர் அம்மாவுக்கு வேர்க்கக் கூடாதில்ல. உன் காலும் இன்னைக்கு மானத்தை வாங்கக் கூடாது" என்று பாய்லர் அண்ணன் கண்ணடித்தார்.

அதிகாரி அம்மா கண்ணாடியும் ஃபைலுமாக வந்து நின்றார். நீராவி இல்லாததால் எனக்குக் கரண்ட் பெட்டி கொடுத்தார்கள். என் இடது கால், அந்தத் துரோகி, அன்று பட்டாளத்துக்காரன் போல நடந்தது. மளமளவென்று இருபது விரிப்புகளை முடித்தேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

"பிரமாதமா செய்றீங்களே! உதவி எதுவும் தேவைப்படுற மாதிரி தெரியலியே" என்று சொல்லி அதிகாரி பேனாவைத் திறந்தார்.

பாய்லர் அண்ணன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பாவி மனுஷன், பாசத்தில் என் வேலைக்கே உலை வைத்துவிட்டார்.

அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்ளலாமா என்று ஒரு நொடி ஆசை வந்தது. பொய் சொல்ல மாட்டேன், அது இனித்தது. பிறகு மாசக் கடைசி ஞாபகம் வந்தது.

"பாய்லரைப் போடுங்க அண்ணே."

"எதுக்கும்மா?"

"தினமும் எப்படியோ அப்படி. ஜன்னலையும் சாத்துங்க. மேடம், மதியம் வரைக்கும் இருக்க முடியுமா?"

அவர் என்னை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு ஃபைலை மூடி வைத்தார். இருந்தார். கூடம் கொதித்தது. அவருடைய கண்ணாடியில் ஆவி படிந்தது. பன்னிரண்டு மணிக்கு என் கால் இழுக்கத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் அது இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பெட்டியைப் பத்திரமாகத் தாங்கியில் வைத்தேன். அப்படியே விரிப்புக் குவியலில் சரிந்தேன்.

பாய்லர் அண்ணன் ஓடி வந்தார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார்.

"வழக்கமா யாரு தூக்கி விடுவாங்க?" என்று என்னைக் கேட்டார்.

"யாருக்கும் தெரியாது மேடம். விழுறதுக்கு முன்னாடியே ஸ்டோர் ரூமுக்குப் போயிடுவேன். கால் மணி நேரத்துல நானே எந்திரிப்பேன்."

அவர் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். அந்தக் கால் மணி நேரமும் நான் சொல்லச் சொல்ல எழுதினார். எல்லார் முன்னாலும் விழுந்து கிடந்தது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மூன்று வருடச் சுமை இறங்கி, அழுகையும் வந்தது. முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

மாசக் கடைசிக்குள் உத்தரவு வந்தது; ஆறு வாரத்தில் சாமான் எல்லாம் வந்து சேர்ந்தது. ஜன்னலோரம் சூடு தடுக்கும் மறைப்பு, ஏர் கூலர், உட்கார்ந்தே இஸ்திரி போடத் தாழ்வான மேஜை, உயரம் மாற்றக்கூடிய நாற்காலி. வேலை நேரமும் காலை ஆறிலிருந்து பன்னிரண்டு என்று மாறியது. நாற்காலியில் முதலில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தவர் முதலாளி.

நேற்று பதினொரு மணிக்குப் பாய்லர் அண்ணன் மறைப்புக்கு மேலே எட்டிப் பார்த்தார். சட்டை இல்லை.

"எப்படிம்மா இருக்க?"

ஒண்ணுமில்ல என்று சொல்ல வாயெடுத்தேன். நிறுத்திக்கொண்டேன்.

"இடது கால் செத்துக் கிடக்குண்ணே. கை ரெண்டும் நல்லா இருக்கு. அடுத்த விரிப்புக் கட்டை இந்தப் பக்கம் தள்ளுங்க."