இடப்பக்கத்தில் யாரும் இல்லை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் பந்தயத்தின் முதல் சுற்றில், மூன்றாவது வளைவில், மணவாளனின் கார் பைசலின் காரை இடித்துச் சுவரில் ஏற்றியது. நான்கு வாரத்தில் இது நான்காவது இடி. பந்தயம் முடிவதற்கு முன்பே பைசலின் புகார் ஜெயப்பிரியாவுக்கு வந்துவிட்டது.

கணினியில் ஓட்டும் பந்தயம்தான். இருபத்து நான்கு பேர் அவரவர் வீட்டு மேசையில் ஸ்டீயரிங்கை மாட்டி, காலடியில் பெடல் வைத்துக்கொண்டு ஒரே ட்ராக்கில் ஓட்டுவார்கள். பெரும்பாலும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து ஆட்கள். கோபி நடத்தும் லீக் அது. ஜெயப்பிரியா அதற்கு நடுவர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் டிராயிங் போடுவது அவள் வேலை. ஞாயிறு சாயங்காலம் மேனாம்பேட்டு வீட்டு மாடியில் உட்கார்ந்து, யார் யாரை இடித்தார்கள் என்று ரீப்ளே ஓட்டிப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவாள்.

முக்கால்வாசித் தீர்ப்பு முதல் சுற்றைப் பற்றித்தான் இருக்கும். டயர் சூடாகியிருக்காது, டேங்க் நிறையப் பெட்ரோல், எல்லாக் காரும் ஒரே வளைவுக்குள் நுழையப் பார்க்கும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவளே ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தாள். முன்னால் போகும் காரை மட்டும் பார்க்காதீர்கள், அதற்கு முன்னால் போவதையும் பாருங்கள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்பே பிரேக் பிடியுங்கள். பக்கத்தில் கார் இருந்தால் ஒரு கார் அகலம் இடம் விடுங்கள். இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதை அட்சரம் பிசகாமல் செய்தவர் மணவாளன். வயது நாற்பத்தாறு. பருத்திப்பட்டில் வீடு. இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறவர். போன சீசன் முழுவதும் அவர் யாரையும் உரசக்கூட இல்லை. அதற்காக கோபி அவர் வீட்டுக்கு ஒரு கோப்பையைக் கூரியரில் அனுப்பியிருந்தான்.

அப்படிப்பட்டவர் வேண்டுமென்றே இடிக்கிறார் என்பது பைசலின் வாதம். நான்கு இடியில் இரண்டு அவன் மேல் விழுந்தவை. போன சீசனில் கடைசி வளைவில் அவரை முந்தியதை மனதில் வைத்துக்கொண்டு செய்கிறார், லீக்கை விட்டே அனுப்ப வேண்டும் என்று எழுதியிருந்தான்.

ஜெயப்பிரியா நான்கு ரீப்ளேக்களையும் வரிசையாக ஓட்டினாள். முதலில் மேலிருந்து பார்த்தாள். பிறகு மணவாளன் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து, அவர் கண்ணுக்குத் தெரிந்த மாதிரியே பார்த்தாள். பக்கத்தில் ஒரு கார் வந்தால் திரையின் அந்தப் பக்கத்து ஓரத்தில் மஞ்சள் அம்பு ஒன்று எரியும். நான்கு தடவையும் எரிந்திருந்தது. நான்கு தடவையும் இடப்பக்கம்.

வலப்பக்கம் கார் வந்தபோதெல்லாம் அவர் ஒதுங்கி இடம் விட்டிருந்தார். இடிக்க நினைக்கிறவன் ஸ்டீயரிங்கை வெட்டுவான், அது ரீப்ளேயில் தெரிந்துவிடும். இவர் வெட்டவில்லை. தனியாகப் பயிற்சி செய்யும்போது அந்த வளைவில் எப்படித் திரும்புவாரோ, அதே கோட்டில், அதே வேகத்தில், நிதானமாகப் பைசலின் கார்மீது திரும்பியிருந்தார். ஜெயப்பிரியா ரீப்ளேயை நிறுத்திவிட்டு அவரைக் கூப்பிட்டாள்.

இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. குரல்தான் பழக்கம்.

"நான் பாத்தேம்மா," என்றார் மணவாளன். "லெஃப்ட்ல யாரும் இல்ல. அந்தப் பையன் எங்கேர்ந்து வந்தான்னே தெரில."

முந்தைய மூன்று தடவையும் இதையேதான் சொல்லியிருந்தார். உடம்புக்கு ஏதாவது வந்ததா என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள். ஆடி கடைசியில் ஒருநாள் காலையில் மண்டை வெடிக்கிற மாதிரி வலித்தது, வாந்தி எடுத்தேன், மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுப் படுத்தேன், மறுநாள் சரியாகிவிட்டது என்றார். பித்தம் என்றார்.

அவள் ஒரு சின்னச் சோதனைக்குக் கூப்பிட்டாள். காலி ட்ராக்கில் இரண்டே கார். நேர் ரோட்டில் அவர் ஒரே வேகத்தில் போக வேண்டும். அவள் பின்னாலிருந்து வருவாள். அவள் கார் கண்ணில் பட்டதும் அவர் சொல்ல வேண்டும்.

வலப்பக்கமாகப் போனாள். பின்சக்கரத்தை எட்டும்போதே சொல்லிவிட்டார். மறுபடி பின்வாங்கி, இடப்பக்கம் போனாள். பின்சக்கரம் தாண்டியது, கதவு தாண்டியது. இரண்டு கார்களும் சரிக்குச் சரியாக ஓடின. அவள் அவருடைய ஓட்டுநர் இருக்கையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். நேர் ரோடு முடியப்போகிறது.

"எங்க கீற?" என்றார் மணவாளன். "இன்னும் பின்னாலயே வந்துகினு கீறியா?"

அவள் இன்னும் முன்னேறி, அவர் கார் மூக்குக்கு முன்னால் குறுக்கே வந்தபோதுதான் அவர் பதறிப் பிரேக் அடித்தார்.

அவள் சொன்னாள். இடப்பக்கம் உங்களுக்குத் தெரியவில்லை, நாளைக்கு வேனை எடுக்காதீர்கள், முதலில் டாக்டரைப் பாருங்கள் என்று மெதுவாகச் சொன்னாள். அவர் சிரித்தார். திரை பழசு, அந்த ஓரம் மங்கலாகிவிட்டது என்றார். பிறகு இணைப்பைத் துண்டித்தார். அவள் போன் செய்தாள். அணைத்து வைத்திருந்தார்.

கோபியிடம் முகவரி கேட்டபோது அவன் தயங்கினான். விளையாட்டில் பார்த்ததை வைத்து ஒருவர் பிழைப்பில் கை வைக்கிறாய், தப்பாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டான். கடைசியில் கூரியர் ரசீதின் படத்தை அனுப்பினான்.

மறுநாள் விடிவதற்கு முன்பே ஸ்கூட்டரை எடுத்தாள். மணவாளன் ஐந்தே முக்காலுக்கு வேனைக் கிளப்புவார் என்று தெரியும். ஐந்தரைக்கெல்லாம் பருத்திப்பட்டில் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். வாசலில் வேன் இல்லை. அவர் மனைவி சுரேகா கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தாள். இன்றைக்குச் சீக்கிரமே கிளம்பிவிட்டார், ராத்திரி முழுக்கத் தூங்கவே இல்லை என்றாள்.

முன்பின் தெரியாத பெண் விடியற்காலையில் வந்து புருஷனைக் கேட்கிறாளே என்ற சந்தேகம் அவள் முகத்தில் இருந்தது. ஜெயப்பிரியா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சுரேகா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஒரு மாசமா தட்டுல பாதி சோறு அப்டியே கீது," என்றாள். "லெஃப்ட் கைப் பக்கம் வெக்கிற பொரியல தொடறதே இல்ல. என் மேல இன்னாவோ கோவம்னு நெனச்சிகினு இருந்தேன்."

நிலைக்கதவில் இடது தோளை இடித்துக்கொள்வதையும் சொன்னாள். சொல்லிக்கொண்டே ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

பூந்தமல்லி ரோட்டில் இன்னும் இருட்டு பிரியவில்லை. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பால் பை ஏற்றிய சைக்கிள்கள், ஷிப்டுக்குப் போகிற பைக்குகள், ஓரத்தில் நடக்கிறவர்கள், எல்லோரும் சாலையின் இடப்பக்கத்தில்தான் இருந்தார்கள். ஜெயப்பிரியா அப்படி அதுவரை அந்த ரோட்டைப் பார்த்ததில்லை. சுரேகா பின்னாலிருந்து போன் போட்டுக்கொண்டே வந்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. ஓட்டும்போது அவர் போனை எடுக்க மாட்டார், அந்த விஷயத்தில் ரொம்பக் கவனம் என்றாள்.

சென்னீர்க்குப்பத்தில் வேன் நின்றிருந்தது. கடைசியாக ஒரு பெண் ஏறிக்கொண்டிருந்தாள். ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். அப்போதே வேன் நகர்ந்தது. அந்தப் பெண் கதவைப் பிடித்தபடி இரண்டு எட்டு தத்தி ஓடினாள். உள்ளேயிருந்தவர்கள் கத்தியதும் வேன் குலுங்கி நின்றது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாப்பாட்டுப் பை மட்டும் கீழே விழுந்து பின்சக்கரத்தில் நசுங்கிக் கிடந்தது.

ஜெயப்பிரியா ஸ்கூட்டரை வேனுக்கு முன்னால் குறுக்கே நிறுத்தினாள். இறங்கி வலப்பக்கம், ஓட்டுநர் ஜன்னலுக்குப் போனாள். மணவாளன் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். குரலை வைத்துத்தான் அவளை அடையாளம் கண்டுகொண்டார். அவள் பின்னால் சுரேகா நிற்பதைப் பார்த்ததும் முகம் தளர்ந்தது.

"எனக்குத் தெரியும்மா," என்றார். "ஆடிலேர்ந்தே இன்னாவோ சரியில்லன்னு தெரியும். எவ்ளோ தூரம்னுதான் தெரில."

ஜெயப்பிரியா அப்புறம் ஏன் பந்தயத்தில் ஓட்டினீர்கள் என்று கேட்டாள்.

"அதுல இடிச்சா யாருக்கும் ஒண்ணும் ஆவாதுல்ல. ஃபர்ஸ்ட் லேப்ப இடிக்காம தாண்டிட்டேன்னா மறுநாள் வண்டிய எடுக்கலாம்னு நெனச்சிகினு ஓட்டுவேன். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும்."

"நாலு வாரமும் இடிச்சீங்களே அண்ணா."

"இடிச்சேன்," என்றார். "இருந்தும் எடுத்தேன்."

சுரேகா ஜன்னல் வழியாகக் கையை விட்டு இஞ்சினை அணைத்து, சாவியை உருவிக்கொண்டாள். அவர் தடுக்கவில்லை.

உள்ளே, சென்னீர்க்குப்பத்திலேயே ஏறிய பதினோரு பேர் இருந்தார்கள். நேரமாகிறது, சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று முணுமுணுத்தார்கள். டிரைவருக்கு உடம்பு சரியில்லை என்று சுரேகா சொன்னாள். மணவாளனே வேன் முதலாளிக்குப் போன் செய்து வேறு வண்டியும் ஆளும் அனுப்பச் சொன்னார்.

வேறு வேன் வர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் வெளிச்சம் வந்துவிட்டது. காத்திருந்த நேரத்தில் ஜெயப்பிரியா வேனின் இடப்பக்கமாகச் சுற்றி வந்தாள். வெள்ளை வேன். முன்கதவின் நடுவிலிருந்து பின்சக்கரம் வரைக்கும் இடுப்பு உயரத்தில் நீளமாக ஒரு கீறல் இருந்தது. கீறலுக்குள் ஆகாய நீலத்தில் பெயிண்ட் ஒட்டியிருந்தது. விரலால் தொட்டாள். தூசி படியாத கீறல்.

மணவாளனைக் கூட்டிவந்து காட்டினாள். அவர் தலையை நன்றாகத் திருப்பி, ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்தார். சனிக்கிழமை சாயங்காலம் கடைசி டிரிப் முடித்து வந்து, தானே வேனைக் கழுவியதாகச் சொன்னார். ஞாயிறு முழுக்க வேன் வாசலிலேயே நின்றது.

"கழுவும்போது இது இல்ல," என்றார்.

வேனையும் ஸ்கூட்டரையும் அங்கேயே ஓரங்கட்டிவிட்டு, மூன்று பேரும் ஓர் ஆட்டோ பிடித்து வந்த வழியே மெதுவாகத் திரும்பினார்கள். மணவாளன் வலது ஓரம் உட்கார்ந்து, காலையில் தான் வந்த பக்கத்தைக் கழுத்தை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். சாலை ஓரத்தில் ஒன்றும் கிடக்கவில்லை. இரண்டு டீக்கடையில் கேட்டார்கள். யாரும் எதையும் பார்க்கவில்லை. மூன்றாவது கடையில், விடிகாலையில் சைக்கிளோடு ஒருத்தர் விழுந்து கிடந்ததாகவும், யாரோ ஆட்டோவில் ஏற்றிப் போனதாகவும் டீ குடிக்க வந்தவர் சொன்னதாகக் கடைக்காரர் சொன்னார். சைக்கிள் என்ன நிறம், எந்த ஆஸ்பத்திரி, டீ குடிக்க வந்தவர் யார், எதுவும் அவருக்குத் தெரியவில்லை. வேறு ஏதோ வண்டியாகவும் இருக்கலாம் என்றார்.

இருட்டில் அதே ரோட்டில்தான் ஜெயப்பிரியாவும் சுரேகாவும் வந்தார்கள். இரண்டு பேர் கண்ணும் தூரத்தில் தெரியும் வேன் விளக்குகளைத்தான் தேடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே ஸ்கேன் எடுத்தார்கள். கண்ணில் கோளாறு இல்லை. மூளையின் பின்பக்கம் வலப்புறத்தில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்து, அந்த இடம் செத்துப்போயிருந்தது. ஆடியில் வந்த தலைவலி அதுதான். இரண்டு கண்ணிலும் இடது பாதி போய்விட்டது, இவ்வளவு நாள் ஆனதால் திரும்பி வருவது கஷ்டம், இனி எந்த வண்டியும் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னார். சுரேகா அதைக் கேட்டு அழுதாள். மணவாளன் அழவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், நான் யாரையோ இடித்திருக்கலாம் என்று சொன்னார். அப்படிப் புகார் எதுவும் வரவில்லை என்று பெயரையும் நம்பரையும் எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

ஜெயப்பிரியா தீர்ப்பை எழுத மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். பைசலுக்கு அவன் இழந்த புள்ளிகளைக் கொடுத்தாள். மணவாளன் பெயருக்கு எதிரே, உள்நோக்கம் இல்லை, இனி ஓட்டமாட்டார் என்று மட்டும் எழுதினாள். பைசல் அதைப் படித்துவிட்டு அவளுக்குப் போன் செய்து விஷயத்தைக் கேட்டான். அந்த வாரமே பூந்தமல்லியில் தனக்குத் தெரிந்த இரண்டு சைக்கிள் கடைகளில் சொல்லிவைத்தான், நீல சைக்கிள் ஒன்று நெளிந்து ரிப்பேருக்கு வந்தால் தகவல் சொல்லும்படி. இதுவரை வரவில்லை.

வேன் முதலாளி மணவாளனுக்கு ஷெட்டில் உட்கார்ந்து பார்க்கும் வேலை ஒன்று தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் இன்னும் போகவில்லை. விடியும் முன்பே எழுந்து பருத்திப்பட்டிலிருந்து சென்னீர்க்குப்பம்வரை நடக்கிறார். தனியாக விட பயந்து சுரேகா அவருடைய இடப்பக்கமாகவே கூட நடக்கிறாள். பால் போடுகிறவர்களையும் பேப்பர் போடுகிறவர்களையும் நிறுத்தி, போன மாதம் இந்தப் பக்கம் யாராவது விழுந்தார்களா என்று கேட்கிறார். சிலர் நின்று யோசிக்கிறார்கள். பலர் அவசரமாகப் போய்விடுகிறார்கள். ஜெயப்பிரியா போன் செய்யும்போதெல்லாம், இன்றைக்கு எத்தனை பேரைக் கேட்டார் என்பதைத்தான் முதலில் சொல்கிறார்.