கொஞ்சம் கடுமை

உதைபந்தாட்டச் சப்பாத்துகளை ஒரு கையிலும் பயிற்சி உடுப்புப் பையை மறுகையிலும் பிடித்தபடி அமாரோ அறை வாசலில் நின்றான். உள்ளே ஜசிந்தா தகப்பனை இடப்பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தாள். படுத்த படுக்கையாக இருப்பவரைத் திருப்புவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் தூரத்து முழங்காலை மடிக்க வேண்டும். பிறகு தோளையும் இடுப்பையும் ஒன்றாக உருட்ட வேண்டும். இழுத்தால் இரண்டு பேருக்கும் நோகும். உடம்புகளைத் திருப்புவதும் நிமிர்த்துவதும்தான் அவளுடைய தொழில். கணவன் அமாரோவையும், சிகிச்சைக்கு வந்த அவனுடைய வலது முழங்கால் வழியாகத்தான் அறிந்துகொண்டாள்.

"நான் போகவா?" என்று ஜேர்மன் மொழியில் கேட்டான்.

தகப்பன் தவராசா கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார். "போகச் சொல்லு பிள்ளை. அந்த இடது பக்கத்துப் பெடியன் மேலை மேலை ஓடுறான். பின்னாலை வாசல் திறந்து கிடக்கு. அதை ஒருக்காப் பாக்கச் சொல்லு."

ஜசிந்தா மொழிபெயர்த்தாள். அமாரோ சிரித்துக்கொண்டு வந்து கிழவரின் நெற்றியில் முத்தமிட்டான். "மாமா," என்றான். அந்தக் குடும்பத்தில் அவன் பிழையில்லாமல் உச்சரித்த முதல் சொல் அது. கதவு சாத்திய பிறகும் அவன் படியிறங்கும் சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது. ஒரு காலை மட்டும் கொஞ்சம் பார்த்துப் பார்த்து வைக்கும் சத்தம்.

ஏழு வருடங்களுக்கு முன் அவனைப்பற்றி முதன்முதல் வீட்டில் சொன்னபோது, தாய் தேவமலர் கையிலிருந்த அகப்பையை இறக்காமலே, "பறங்கியோ? நானூறு வருசத்துக்கு முதல் வந்து கோயிலைக் கட்டித் தந்திட்டுப் போனவங்கள். இப்ப பொம்பிளை கேட்டு வந்திருக்கிறாங்களாக்கும்," என்றாள். தவராசாவோ, பிறகு அமாரோ வந்த ஒருநாள் மேசையைத் தட்டி 'மேசை' என்றார். அமாரோ 'மெசா' என்றான். கதிரை, சன்னல், அலுமாரி, சாவி என்று, போர்த்துக்கீசர் தமிழில் விட்டுப்போன சொற்களாக, வீடு முழுக்க இரண்டு பேரும் நடந்து முடித்து, கடைசியில் குசினிக்குள் வந்து நின்றார்கள். அன்றைக்கே கலியாணம் முடிவாகிவிட்டது.

அமாரோ பெயரெடுத்த ஆட்டக்காரன் அல்லன். போர்த்துக்கலின் இரண்டாம் தரக் கழகங்கள் சில, பிறகு சைப்பிரஸ், லக்சம்பேர்க், கடைசியில் கொலோனுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கழகம் என்று ஊர் ஊராகப் பிழைத்தவன். எந்த ஊரும் அவன் பெயரைச் சொல்லிப் பாடவில்லை. எந்த ஊரும் அவனைத் திட்டி அனுப்பவுமில்லை. முழங்கால் போதும் என்று சொன்னபோது, பயிற்றுநர் சான்றிதழுக்குப் படி என்று அவனைத் துரத்தியவர் தவராசாதான்.

ஆட்டக்காரன் பயிற்றுநராவது மேலங்கியை மாற்றுவதுபோல அல்ல. விளையாடுகிறவனுக்கு ஒரே கேள்விதான்: பந்து எங்கே? பயிற்றுநருக்கு அது கடைசிக் கேள்வி. பந்து இல்லாத மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் அவனுக்கு முதற் கேள்வி. ஆனால் இருபது வருடம் பழகிய கண் தன்பாட்டில் பந்துக்குப் பின்னால் ஓடும். அதைக் கட்டிப்போட வகுப்பில் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார்கள். தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்கும்போது, கையை நீட்டிப் பெருவிரலால் பந்தை மறைத்துக்கொண்டே பார்ப்பது. மாமனும் மருமகனும் சோபாவில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து பெருவிரலை நீட்டிக்கொண்டு ஆட்டம் பார்ப்பார்கள். "ஆரிட்டை லிஃப்ற் கேக்கிறியள் ரெண்டு பேரும்?" என்பாள் தேவமலர்.

இலையுதிர்காலத்தில் கழகத்தின் பயிற்றுநர் திடீரென்று விலகிப்போக, தற்காலிகமாக அமாரோவை வைத்தார்கள். அடுத்தடுத்துத் தோல்வி. இன்றைய ஆட்டத்துக்குப் பிறகு யோசிப்போம் என்று கழகத் தலைவர் சொல்லியிருந்தார். யோசிப்போம் என்றால் என்ன என்பது, அத்தனை கழகங்களில் பெட்டி கட்டிய அமாரோவுக்குத் தெரியும்.

மத்தியானம் தாதி வந்து போர்வையை விலக்கிப் பார்த்தாள். முழங்காலில் ஊதா நிறத்தில் திட்டுத் திட்டாகப் படர்ந்திருந்தது. இரத்தம் ஓரங்களைக் கைவிட்டு நடுவுக்குத் திரும்புகிறது என்று அதற்குப் பொருள். ஜசிந்தாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் கைத்தொலைபேசியை எடுத்தாள்.

"ஆருக்கு?" என்றாள் தேவமலர்.

"அமாரோவுக்கு."

"இப்ப எடுத்தால் எல்லாத்தையும் விட்டிட்டு வந்திடும் அந்தப் பிள்ளை. அப்பாதானே போகச் சொன்னவர். பொறு. பின்னேரம் வந்திடுவான்."

"அதுக்குள்ளை..."

"பொறு எண்டிறன்."

ஜசிந்தா தொலைபேசியைக் கையிலேயே வைத்திருந்தாள். அமாரோவின் சொந்தத் தகப்பன் செத்த கதை அவளுக்குத் தெரியும். அவன் சைப்பிரசில் விளையாடிக்கொண்டிருந்தான். காலையிலேயே தாய் கழகத்துக்கு அழைத்துச் சொல்லிவிட்டாள். ஆட்டம் முடிந்து, குளித்து, தலை துவட்டிக்கொண்டு நின்றபோதுதான் முகாமையாளர் தோளில் கை வைத்தார். அன்று அவன் ஒரு கோலும் போட்டிருந்தான். "எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் சிரித்துக்கொண்டு ஓடினேன்," என்று ஒருமுறை சொன்னான். பிறகு அதைப்பற்றிப் பேசியதில்லை.

ஆனால் பயிற்றுநரானதும் அவன் செய்த முதல் வேலை அதிலிருந்துதான் வந்தது. ஆட்ட நாளில் உடைமாற்றும் அறைக்குள் தொலைபேசி கூடாது என்பது எல்லாக் கழகத்திலும் உள்ள சட்டம், மனம் சிதறும். அமாரோவின் சட்டத்துக்கு ஒரு வால் இருந்தது. எல்லாத் தொலைபேசிகளும், தன்னுடையது உட்பட, ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் போகும். அந்தப் பெட்டியோடு, சட்டை தோய்த்து மடிக்கும் கிழவர் ஊவே, மைதான ஓரத்தில் இருப்பார். யாருடைய வீட்டிலிருந்து அழைப்பு வந்தாலும் எடுப்பார். கெட்ட செய்தி என்றால் ஆட்டத்தின் நடுவிலென்றாலும் உரியவனிடம் அப்படியே சொல்லிவிட வேண்டும். எதையும் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

தவராசாவின் மூச்சு மாறியது. படியேறுவதுபோல ஒவ்வொன்றாகப் பெருத்து, பிறகு படியிறங்கி, ஓரிடத்தில் அப்படியே நின்றுவிடும். களைத்த மூளை மூச்செடுக்க மறந்துபோகும். இரத்தத்தில் கெட்ட காற்றுச் சேர்ந்து நினைவூட்டினால்தான் மறுபடி ஏறத் தொடங்கும். தேவமலர் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். மூச்சு நிற்கும்போது அவளும் 'மரியே' என்ற சொல்லில் நின்று, மூச்சு வந்தபின் தொடர்ந்தாள். ஒருமுறை நின்றவள் தொடரவில்லை. ஜசிந்தா கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள். வைத்தபடியே இருந்தாள்.

தமிழ்ப் பூசை முடிந்து நேரே வந்த புஷ்பா அன்ரிதான் முதலில் அசைந்தாள். "அழ நேரமிருக்கு. நாடியை, அந்தத் தாடையைக் கட்டு பிள்ளை. விறைக்கிறது அங்கையிருந்துதான் தொடங்கும்."

தேவமலர் அலுமாரியைத் திறந்து அவருடைய வெள்ளைக் கைலேஞ்சி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அது நீளம் போதாமல் இன்னொன்றை முடிந்து கட்டினார்கள். தலைமாட்டில் மெழுகுதிரி கொளுத்தினார்கள்.

"இனித் தம்பிக்குச் சொல்லு, உன்ரை மனுசனுக்குச் சொல்லு," என்றாள் புஷ்பா அன்ரி. "செத்திட்டார் எண்டு மட்டும் போனிலை சொல்லிப்போடாதை. ரெண்டு பேரும் கார் ஓடி வாற பிள்ளையள்."

போனில் மரணத்தைச் சொல்லாதது பொய்யில் சேராது. செய்தியைப் பாதி வழிக்கு அனுப்பிவைப்பார்கள். மீதியைக் கேட்கிறவர் தானே நடந்து வந்து எடுத்துக்கொள்வார். சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். வாசல் படலையைத் தாண்டி உள்ளே வரும்வரைக்கும் இரண்டு பேரும் தெரியாததுபோல நடந்துகொள்வார்கள். வழியில் கால் சோராமலிருக்க அது ஓர் ஊன்றுகோல்.

பொன் நகரில் இருக்கும் தம்பி நிசாந்துக்கு அழைத்தாள். "அப்பாவுக்குக் கொஞ்சம் கடுமையடா. வா."

"அம்மா என்ன செய்யிறா?" என்றான். குரல் உடைந்திருந்தது.

"இருக்கிறா. ஆறுதலா, மெல்லமாக் கார் ஓடி வா."

"ஓம். வாறன்."

அந்தக் குரல் காதிலிருக்கும்போதே அடுத்த இலக்கத்தை அழுத்தினாள். ஊவே எடுத்தார். பின்னால் ஆட்களின் கூச்சல். இடைவேளை என்றார், ஒன்றுக்கு ஒன்று என்றார்.

"அப்பாவுக்குக் கொஞ்சம் கடுமையாக இருக்கிறது," என்றாள் ஜசிந்தா, ஜேர்மன் மொழியில்.

"கொஞ்சம் கடுமை," என்று அவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "வேறு ஏதாவது உண்டா? உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லியிருக்கிறான் உன் புருசன். இப்போதே புறப்பட வேண்டுமா?"

சொல்லிவிடலாம். வாய்க்குள் சொல் இருந்தது. ஜேர்மன் மொழியில் அது மிகச் சின்னச் சொல். அவன் காரோட்டி வர வேண்டிய மலைப்பாதை, மழை, அதற்குப் பிறகு நெடுஞ்சாலை. தலைவர் மேடையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். புஷ்பா அன்ரி எதிரே நின்று தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

"இல்லை. ஆட்டம் முடிந்ததும் வரட்டும்."

"நிச்சயமாகவா?"

"நிச்சயம்."

மருத்துவர் வந்து பத்திரம் எழுதினார். உடலை எடுக்க வருபவர்கள் மாலையில் வருவதாகச் சொன்னார்கள். நிசாந் தெரு முனையில் காரை விட்டுவிட்டு, கோட்டு நனைய நனைய ஓடி வந்து, வாசலிலேயே தாயைக் கட்டிக்கொண்டு கதறினான். அவனிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. சனம் வந்தது. கதவுக்கு வெளியே சப்பாத்துகள் குவிந்தன.

இருட்டத் தொடங்கியபோது படியில் அந்தக் காலடி கேட்டது. இந்த முறை எந்தக் காலையும் பார்த்து வைக்கவில்லை. இரண்டு இரண்டு படியாகத் தாவி வந்தது. ஜசிந்தா எழுந்தாள். அதற்குள் சாவி திரும்பிவிட்டது. வெளியே கிடந்த சப்பாத்துகளை எந்தத் தமிழ்ப் பிள்ளையும் வாசித்திருக்கும். அவனோ, 'கொஞ்சம்' என்று ஊவே சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நோயாளியைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று எண்ணியிருப்பான்.

"மாமா!" நடையிலிருந்தே கூப்பிட்டான். தவராசாவோடு மட்டும் பேசும் ஓர் உடைந்த ஜேர்மன் மொழியில், "இடது பக்கம் பூட்டியாச்சு மாமா! பெடியன் கீழேயே நின்றான்! கோடை வரைக்கும் நான்தான் என்று தலைவர் கை கொடுத்தார்..."

நடையில் நின்றவர்கள் சுவரோடு ஒதுங்கினார்கள். யாரோ ஒருத்தி லேஞ்சியை வாயில் அழுத்திக்கொண்டாள். அவன் குரல் அறை வாசல் வரைக்கும் வந்து நின்றது. மெழுகுதிரியைப் பார்த்தான். கிழவரின் நாடியில் கட்டியிருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தான். மழையில் நனைந்த கழக மேலங்கியின் ஸிப்பை மெதுவாக மேலே இழுத்து மூடினான், குளிர்ந்ததுபோல.

தேவமலர் கையை நீட்டினாள். "மாமா சுகமாப் போயிட்டார், அப்பு. நோகேல்லை."

அவன் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு கட்டில் விளிம்பில் இருந்தான். தவராசாவின் நெற்றியைத் தொட்டான். தொட்ட விரல்களைத் திருப்பிப் பார்த்தான். பிறகு ஜசிந்தாவைப் பார்த்தான்.

"ஊவேயோடு நீ பேசியபோது?"

அவளுக்கு அந்தக் கேள்வி விளங்கியது. இல்லை, அதற்குப் பிறகுதான் என்று சொல்ல ஒரு கணம் இருந்தது. பத்திரத்தில் நேரம் எழுதியிருப்பதற்காக அல்ல; ஒரு நாளைக்கு ஒரு பொய் போதும்.

"அதற்கு முன்னம்," என்றாள்.

அவன் தலையசைத்தான். கோபம் இருக்கிறதா என்று அவள் அவன் முகத்தில் தேடினாள். உடம்பில் எந்தத் தசை இறுகுகிறது என்று கண்டுபிடிப்பது அவளுடைய தொழில். கழுத்து, தாடை, தோள் என்று வரிசையாகப் பார்த்தாள். எதுவும் இறுகவில்லை.

"நான் உன்னை..." என்று தொடங்கினாள்.

"பிறகு," என்றான்.

கீழே மணி அடித்தது.

அந்த வீட்டின் தெருக்கதவை மாடியில் இருந்துதான் திறக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பேசுகருவியும், அதற்குக் கீழே ஒரு பொத்தானும் உண்டு. பொத்தானில் விரல் இருக்கும்வரை கீழே பூட்டு வண்டு மாதிரி இரையும். வெளியே நிற்பவர் அதற்குள் கதவைத் தள்ளிவிட வேண்டும். விரலை எடுத்தால் பூட்டு விழுந்துவிடும்.

தேவமலர் ஜசிந்தாவைப் பார்த்தாள். ஜசிந்தா நிசாந்தைப் பார்த்தாள். நிசாந் சன்னலைப் பார்த்தான். புஷ்பா அன்ரிகூட அசையவில்லை. மணி மறுபடியும், கொஞ்சம் தயங்கியதுபோலச் சுருக்கமாக, அடித்தது.

அமாரோ எழுந்தான். ஜசிந்தாவைக் கடந்து போனபோது அவனுடைய ஈர மேலங்கி அவள் கையில் உரசியது. பேசுகருவியை எடுத்தான்.

"ஆம்," என்றான். "இறந்தவர் இங்கேதான். மூன்றாம் மாடி."

பொத்தானை அழுத்தினான். கீழே கதவைத் தள்ளும் சத்தம் கேட்டது. சக்கரங்கள் ஓடுகளின்மேல் உருண்டன. கதவு தன் பாரத்தில் தானாகச் சாத்திக்கொண்டது. இரண்டு பேருடைய காலடிகள் முதலாம் மாடிக்கு ஏறின, இரண்டாம் மாடிக்கு ஏறின. கீழே பூட்டு இன்னும் இரைந்துகொண்டிருந்தது. சுவருக்கு முகத்தைக் கொடுத்து நின்ற அமாரோவின் விரல், நகம் வெளிறப் பொத்தானிலேயே இருந்தது.