கடித்து வைத்த ரொட்டி

அண்டாவின் அடியை மஸ்தூரா கரண்டியால் சுரண்டிய ஓசை நிலவறைச் சுவர்களில் மோதித் திரும்பியது. இமைமயிரிலும் சுண்ணாம்பு படிந்த பூச்சுவேலைக்காரர்கள் கிண்ணங்களை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அரிசியும் காரட்டும் குழைந்த சூப்பின் ஆவி, சிமெண்டு ஈரத்தோடு கலந்து, கூரையில் நீர்முத்துகளாய்க் கோத்து நின்றது.

"அக்கா, இதுல ஆடு இருக்குதா, இல்ல இந்தப் பக்கமா நடந்து மட்டும் போச்சா?" என்றான் ஓடு பதிக்கும் போத்திர்.

"வந்துச்சு. உன் மூஞ்சியப் பாத்துட்டு, இவனுக்காகவா சாகணும்னு திரும்பிப் போயிடுச்சு."

சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் இருமினார்கள்.

கட்டுகிறவர்கள் கட்டுகிற வீட்டிலேயே தங்குவது தாஷ்கண்டில் இந்தத் தொழிலின் வழக்கம். கூரை ஏறிய புதிதில் அவர்கள் மேல்தளத்தில், மலை தெரியும் அறைகளில் படுத்தார்கள். தரைக்குப் பளிங்கு வந்ததும் நடுத்தளத்துக்கு இறங்கினார்கள். நடுத்தளத்துச் சுவர்களுக்குப் பட்டுத்துணி ஒட்டியதும் கார்க்கொட்டகைக்கு. வீடு அழகாக ஆக, அவர்கள் கீழே கீழே போனார்கள். இப்போது மிஞ்சியிருந்தது கொதிகலனை ஒட்டிய இந்த நிலவறைதான். இதுவும் ஒயின் அடுக்கும் அறையாகப் போகிறது.

மேலே, உள்ளிருந்து பச்சை ஒளி கசியும் கல்லில் குடைந்த கழிப்பறைகள் இருந்தன. உட்காருமிடம் தானே சூடாகும், தானே மூடிக்கொள்ளும். வேலையாட்களுக்கு வேலியோரம் ஒரு குழியும் அதைச் சுற்றிச் சாக்கும் இருந்தன. நாற்றம் மாடிமுற்றம் வரை வருகிறது என்று வடிவமைப்பாளர் ஷஹ்னோஸா சொன்ன மறுநாளே குழி தூர்க்கப்பட்டது. அதற்குப் பிறகு ஆண்கள் கால்வாய் நாணலுக்குள் போனார்கள். சமையற்காரியான மஸ்தூரா இருட்டும்வரை தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டாள்.

அவள் படுக்கைக்கு மேலே, பூசாத சுவரில், ஓர் ஆணியில் வட்ட ரொட்டி ஒன்று தொங்கியது. காய்ந்து கல்லாகிவிட்ட ரொட்டி. அதன் விளிம்பில் ஒரு கடி. முன்பற்களின் வரிசை ஒன்று விடாமல் பதிந்திருந்தது.

சூப்பு தீர்ந்தபோது அவளுடைய கைப்பேசி அடித்தது. ருஷ்யாவிலிருந்து மகன் எல்முரோத். உயரமான கட்டடங்களுக்கு வெளிச்சுவர் பொருத்தப் போனவன் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். மூன்று மாதம் மருத்துவமனை. தாடையைக் கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். பேச்சு பல்லிடுக்கில் நசுங்கி வந்தது.

"சனிக்கிழமை வந்துருவேன்மா. நம்ம ஊரு ஹசனோட வண்டி அங்கயே கொண்டு வந்து விட்ரும். ரொட்டி இருக்கா?"

"இருக்குடா கண்ணு. எலி அண்டாத உசரத்துல மாட்டியிருக்கேன்."

"என்னால மெல்ல முடியாது."

"டீயில ஊறவச்சு ஊட்டுறேன். ஒரு வாய் உள்ள போனாத்தான் நீ வந்ததா அர்த்தம். அதுவரைக்கும் நீ இன்னும் வழியிலதான் நிக்கிற."

மறுநாள் காலை மேஸ்திரி துர்குனோடு ஷஹ்னோஸா நிலவறைக்கு இறங்கி வந்தாள். காலணிக்கு மேல் நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தாள். மேலே பளிங்கு அழுக்காகாமல் இருக்க மற்றவர்கள் மாட்டுவதை, இங்கே தன் காலணி அழுக்காகாமல் இருக்க அவள் மாட்டியிருந்தாள். மூக்கின்மேல் விரல். கைவிளக்கின் வட்டம் ஈரத்துணிகளையும் பாய்களையும் வெங்காய மூட்டையையும் கடந்துபோய் ஆணியில் நின்றது. மூக்கிலிருந்து விரல் இறங்கியது.

"அட! இது என்னம்மா, இவ்வளவு அழகா?"

மஸ்தூராவின் முகம் மலர்ந்தது. இந்த வீட்டில் அவளுடைய பொருள் ஒன்றை யாரும் இதற்குமுன் ஏறிட்டுப் பார்த்ததில்லை. தூரதேசம் போகிற பிள்ளை ஒரு கடி கடித்துவிட்டுப் போவதையும், மீதியை யாரும் தொடாமல் மாட்டிவைப்பதையும், அவன் திரும்பி வந்து அதைத் தின்று முடிப்பதையும் சொன்னாள். சாரத்திலிருந்து விழுந்ததைச் சொல்லவில்லை. விருந்தாளியிடம் துக்கம் பேசக் கூடாது.

"எங்க பாட்டி வீட்டுலயும் இருந்ததா கேள்விப்பட்டிருக்கேன். என்ன நிறம், என்ன வெடிப்பு! காசு கொடுத்தாலும் கிடைக்காதே இது!" என்றாள் ஷஹ்னோஸா.

"எடுத்துக்குங்க மகளே, உங்களோடதுதான்," என்றாள் மஸ்தூரா.

வீட்டுக்கு வந்தவர் ஒரு பொருளைப் புகழ்ந்தால் அவள் ஊரான நமங்கான் பக்கத்தில் நாக்கு தானாகச் சொல்லும் சொல் அது. வந்தவர் நெஞ்சில் கைவைத்து, 'உங்களிடமே நிலைக்கட்டும்' என்பார். மறுபடி சொல்ல வேண்டும்; மறுபடி மறுப்பார். புகழ்ந்த பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டு பேருக்கும் மரியாதை மிஞ்சும்.

ஷஹ்னோஸா நெஞ்சில் கைவைக்கவில்லை. "நன்றிம்மா!" என்று துர்குனைத் திரும்பிப் பார்த்தாள். துர்குன் ஆணியிலிருந்து ரொட்டியைக் கழற்றினான்.

மஸ்தூராவின் கை நீண்டு, பாதியில் நின்றது. கொடுத்த வாயாலேயே கேட்பது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தச் சொல்லைத் தேடி முடிப்பதற்குள் அவர்கள் படியேறிவிட்டார்கள்.

மாலையில் அவள் உணவுக்கூடத்துக்குப் போனாள். தெருவைப் பார்த்த முழுச்சுவரும் ஒரே கண்ணாடி. தரையைக் கீறி ஓடிய நீரோடையில் செம்மீன்கள் திரிந்தன. எதிர்ச்சுவர் நடுவே, மாடத்துக்குள், கண்ணாடிப் பெட்டியில் ரொட்டி நின்றிருந்தது. அதன்மேல் பூசிய மெருகு பல்தடங்களுக்குள் தேங்கிப் பளபளத்தது. கூடம் முழுவதும் வார்னிஷ் வாடை.

"துர்குன் அண்ணே, சும்மா மரியாதைக்குச் சொன்னேன். உங்களுக்குத் தெரியாதா? நீங்களும் எங்க நமங்கான் பள்ளத்தாக்குக்காரர்தானே?"

"தெரியும்க்கா. அந்தப் பொண்ணுக்குத் தெரியலயே. முதலாளி வேற பாத்துட்டாரு, புடிச்சுப் போச்சு. காய்ஞ்ச ரொட்டிதானே, விடு."

"சனிக்கிழமை என் மகன் வர்றான்."

துர்குன் தலையைச் சொறிந்தான். "சனிக்கிழமைதான் புதுமனை விருந்து. ஒண்ணு செய். ஆளுங்க எல்லாரையும் வெள்ளிக்கிழமையே அனுப்பிடுவேன். நீ மட்டும் இரு, பாத்திரம் கழுவ. விருந்து முடியட்டும். நானே எடுத்து உன் கையில தர்றேன்."

"மெருகு பூசிட்டாங்களே?"

"சுரண்டிட்டா போச்சு."

அவள் இருந்தாள்.

சனிக்கிழமை நண்பகலிலிருந்து கார்கள் வந்து கால்வாய்ச் சாலையை அடைத்தன. முற்றத்தில் ஆட்டுக்கறிப் பிலாவ் சோறு அண்டாக்களில் கொதித்தது. குதிரைக்கறித் துண்டுகளும் மாதுளையும் மலைபோல் தட்டுகளில் ஏறி, பாதியும் தொடப்படாமல் அடுக்களைக்குத் திரும்பி வந்தன. மிச்சத்தை வழித்து வழித்து மஸ்தூராவின் முழங்கை வரை கொழுப்பு உறைந்தது. அடுக்களையில் காதருகே கைப்பேசி முணுமுணுத்தது: "அம்மா, வெளிவாசல்ல இருக்கேன். காவலாளி உள்ள விடமாட்டேங்கிறான்."

"உக்காந்திருடா கண்ணு. இதோ, கொண்டு வந்துர்றேன்."

பரிமாறும் பெண் ஒருத்தி ஓடிவந்து தேநீர்க் குவளையை அவள் கையில் திணித்தாள். "அக்கா, கூடத்துக்கு ஒரு தடவை நீங்க கொண்டு போங்க, என் கால் போச்சு."

கூடத்தில் முதலாளி ஸியாவுத்தீன் நின்று பேசிக்கொண்டிருந்தார். கை மாடத்தை நோக்கி நீண்டிருந்தது.

"...போருக்குப் புறப்படறப்போ என் தாத்தா கடிச்ச ரொட்டி இது. பாட்டி சாகுற வரைக்கும் தலைமாட்டுல வச்சிருந்தாங்க. இந்த வீட்டுல எல்லாக் கல்லும் வெளிநாடு. இது ஒண்ணுதான் என் ரத்தம்."

ஷஹ்னோஸா குனிந்து தன் மோதிரத்தைத் திருகினாள். பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். தங்கப்பல் கட்டிய ஒருவர் பெட்டியருகே போய்க் கண்ணைச் சுருக்கினார்.

"என்ன பல்லுய்யா! அந்தக் காலத்து ஆளுங்க இரும்பு. தாத்தா திரும்பி வந்தாரா?"

"வரலை," என்றார் ஸியாவுத்தீன். "கடைசி வரைக்கும் வரவேயில்லை."

கூடத்தில் எல்லோரும் உள்ளங்கைகளை ஏந்தி, முகத்தில் தடவி, இறந்தவருக்காகப் பிரார்த்தித்தார்கள்.

மஸ்தூராவின் கையிலிருந்த குவளை மேசைமேல் இடித்தது.

"கையை எடுங்க! செத்தவனுக்கு ஓதுறத அதுக்கு ஓதாதீங்க! அவன் வந்துட்டான்! வாசல்ல உக்காந்திருக்கான்!"

செம்மீன்கள் மட்டும் நகர்ந்தன. பிறகு தங்கப்பல்காரர் சிரித்தார். "தாத்தாவா? உள்ள கூப்பிடும்மா, பிலாவ் மிச்சம் இருக்கு!" சிரிப்பு மேசை மேசையாகப் பரவியது. ஸியாவுத்தீனும் சிரித்தார், அவருடைய கண் துர்குனைத் தேடியது.

துர்குன் அவளை முழங்கையைப் பிடித்து அடுக்களை வழியாக வெளியே கொண்டுவந்தான். கொழுப்பில் அவன் பிடி வழுக்கியது.

"என் வயித்துல அடிச்சிட்டியே அக்கா! இனிமே அடுத்த வேலைக்கு உன்ன எந்த முகத்தோட கூட்டிட்டுப் போவேன்?"

"தர்றேன்னு சொன்னீங்களே அண்ணே."

"இனிமே எப்படி? அது அவரோட தாத்தாவாயிடுச்சே!"

வெளிவாசலின் இரும்புக் கம்பிக்கதவு அவள் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. கால்வாயோரக் கல்லில் எல்முரோத் உட்கார்ந்திருந்தான். மடியில் ஊன்றுகோல். தாடை ஒரு பக்கம் கோணியிருந்தது. அவளைக் கண்டதும் உதடு விரிந்தது. மேல்வரிசையில் முன்பற்கள் இருந்த இடம் வெறும் ஈறு.

அவள் அவன் தலையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். அவன் அவளுடைய வெறுங்கைகளைப் பார்த்தான்.

மாலை வெயில் சாயும்போது காவலாளி சிறுகதவைத் திறந்து, வீங்கிய கறுப்புப் பை ஒன்றை நீட்டினான்.

"மேஸ்திரி கொடுக்கச் சொன்னாரு. அண்ணன் பாவம்தான் பாத்திருக்காரு. கடிச்ச ரொட்டிதான வேணும்? உள்ள எல்லாமே கடிச்சதுதான்."

அவள் வாங்கித் திறந்தாள். விருந்து மேசைகளிலிருந்து வழித்த ரொட்டிகள். உதட்டுச்சாயம் படிந்த கடி, பாதி மென்று துப்பிய கடி, குழம்பில் ஊறிச் சளிபோல் இழுபட்ட கடி. ஒரு ரொட்டியின் நடுவே சிகரெட்டை நசுக்கி அணைத்திருந்தார்கள். புளித்த ஒயின் வாடை அவள் முகத்தில் அடித்தது. எல்முரோத் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"தூக்கிப் போடும்மா."

"ரொட்டிடா," என்றாள் அவள்.

ரொட்டியைத் தரையில் வைக்கக் கூடாது. கால்வாயில் எறியக் கூடாது. மிதிபடும் இடத்தில் விடக் கூடாது. பையை ஏந்தியபடி அவள் அங்குமிங்கும் திரும்பினாள். கடைசியில் குதிகாலை உயர்த்தி, வெளிவாசல் கதவின் பொன்முலாம் பூசிய ஈட்டிமுனை ஒன்றில் பையின் காதை மாட்டினாள். மாட்டிவிட்டு, வழக்கப்படி விரல்களை நெற்றியில் ஒற்றப் போனவள், விரல்களை முகர்ந்துவிட்டு, பாவாடையில் துடைத்தாள்.

பொழுது மங்கியது. வீட்டின் விளக்குகள் தாமாக எரிந்தன. கண்ணாடிச் சுவருக்கு அப்பால், மாடத்துக்குள், மெருகிட்ட ரொட்டியின் விளிம்பில் எல்முரோத்தின் முன்பற்கள் ஒன்று குறையாமல் மின்னின. கதவின் உச்சியில் தொங்கிய பையின் கிழிசலிலிருந்து ஆட்டுக்கொழுப்பு, வெளிநாட்டுப் பளிங்கு வாசற்படியில் சொட்டுச் சொட்டாக விழுந்து வெள்ளையாக உறைந்துகொண்டிருந்தது.